ரகசியச் சக்கரத்தில் 247 எழுத்தும் வேண்டாம்

ஒரு எழுத்துக்குப் பதிலா இன்னொரு எழுத்தை வைச்சு ரகசியமா எழுதிற சக்கரத்தில 18 மெய் மட்டும் காணும்: க, ங, ச எண்டு வரிசையா. கொப்பி மட்டையில பெரிசும் சின்னனுமா ரெண்டு வட்டம், பாகைமானியால 20 பாகைக்கு ஒரு கோடு, நடுவில குண்டூசி. உயிர்க்குறி, புள்ளி, தனி உயிர் ஒண்டையும் மாத்தக் கூடாது.

மகள் எழுதினதைத் தம்பி வாசிக்க வேற சொல் வருது எண்டு கேட்டிருக்கிறீங்கள். அனேகமா 'ா' தான் காரணம். கையெழுத்தில அது 'ர' மாதிரியே இருக்கும். பிள்ளைகள் அதையும் சேர்த்து மாத்திப்போடுவினம்.

ஒரு எழுத்துத் தள்ளி 'வவுனியா' எழுதச் சொல்லுங்கோ. 'ழழுகிரா' வரவேணும் (ன-வுக்கு அடுத்தது திரும்பக் க). 'ழழுகிரல' வந்தால் பிழை அதுதான்.

ஸ, ஜ சக்கரத்தில இல்லை. 'பஸ்' எழுதாமல் 'பேருந்து' எண்டு எழுதட்டும்.