பற்று எது, வரவு எது? கணக்கியல் முதல் வகுப்பு: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் கம்யூனிட்டி கல்லூரிகளில் ‘ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்’ முதல் பாடத்தில் சேர்ந்தவர்களும் சேர நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கானது) இருக்கிறேன். பி.ஏ. தமிழ் இலக்கியம் படித்தவள். கணக்குப் பதிவியலைத் தொட்டதே இல்லை. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? செலவு எவ்வளவு, நேரம் எவ்வளவு?
– வாசகி, சான் ஹோசே

தாராளமாகச் சேரலாம். எச்-4 விசாவில் இருப்பவர் படிப்பதற்காக மாணவர்களுக்கான எஃப்-1 விசாவுக்கு மாற வேண்டியதில்லை. பகுதி நேரமாகவும் படிக்கலாம், முழு நேரமாகவும் படிக்கலாம். உங்களைப் பார்க்க வரும் பெற்றோரின் பி-2 விசாவுக்கு அந்த உரிமை கிடையாது. கல்லூரிப் படிப்பில் சேர்ந்தால் அது விசா விதியை மீறியதாகிவிடும்.

கலிபோர்னியாவில் மாநிலவாசிகளுக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். இந்தப் பாடம் பெரும்பாலும் 3 அல்லது 4 யூனிட். நான்கு என்றால் 184 டாலர், அதற்கு மேல் சுகாதாரக் கட்டணம் போன்ற சில்லறைகள் சேரும். எச்-4 வைத்திருப்பவரும் அங்கே மாநிலவாசியாகக் கணக்கிடப்படலாம். செமஸ்டர் தொடங்குவதற்கு முன் ஓராண்டுக்கு மேல் அங்கே குடியிருந்ததற்கான சான்று வேண்டும்: வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், வரிப் படிவம் போன்றவை. சான்று காட்டாவிட்டால் வெளிமாநிலக் கட்டணம் போடுவார்கள். அது பல மடங்கு அதிகம். அதனால் விண்ணப்பம் போட்ட கையோடு அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

கட்டணத்துக்கு அடுத்த செலவு புத்தகம். பல ஆசிரியர்கள் வீட்டுப்பாடத்தை மெக்ரா ஹில் கனெக்ட், வைலிபிளஸ் போன்ற இணையதளங்களில் கொடுக்கிறார்கள். அதற்கு அணுகல் குறியீடு வாங்கியே தீர வேண்டும், பழைய புத்தகக் கடையில் வாங்கும் பிரதி உதவாது. கலிபோர்னியாக் கல்லூரிகளின் இணைய வகுப்பு அட்டவணையில் புத்தகச் செலவில்லாத வகுப்புகளைத் தனி அடையாளத்தோடு காட்டியிருப்பார்கள். முதலில் அவற்றைத் தேடுங்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் கணக்கியல் பாடநூலின் முதல் தொகுதி இதே பாடத்திட்டத்தைத் தழுவியது, முழுக்க இலவசம். வகுப்பு தொடங்கும் முன்பே அதில் முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டுப் போனால் பாதிப் பயம் தெளிந்துவிடும்.

நேரம்தான் பலரும் தவறாகக் கணிப்பது. வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வீட்டில் இரண்டு மணி நேரம் என்பது அமெரிக்கக் கல்லூரிகளின் பொதுக் கணக்கு. 4 யூனிட் பாடத்துக்கு வகுப்பில் 4, வீட்டில் 8 என வாரம் 12 மணி நேரம் ஆகும். கோடை காலத்தில் அதே பாடத்தை 8 வாரத்தில் முடிப்பார்கள், அப்போது இது இரட்டிப்பாகும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கோடை வகுப்பை எடுக்காதீர்கள் என்பது எங்கள் உறுதியான ஆலோசனை. தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்தால் வகுப்புக்கு வராமல் நின்றுவிடவும் கூடாது. கல்லூரி நாட்காட்டியில் உள்ள கெடுவுக்குள் நீங்களே விலகிக்கொள்ளுங்கள். முதல் கெடுவுக்குள் விலகினால் மதிப்பெண் சான்றிதழில் ஒன்றும் பதியாது. இரண்டாவது கெடுவுக்குள் என்றால் ‘டபிள்யூ’ என்று பதியும், சராசரி மதிப்பெண் குறையாது. சும்மா நின்றவருக்கு ‘எஃப்’ விழும்.

தமிழ் வழியில் பி.காம். படித்தேன். ‘உள்வருவதைப் பற்று செய், வெளிச்செல்வதை வரவு வை’ என்ற பொன் விதிகள் மனப்பாடம். இங்கே ஆசிரியர் அவற்றைப் பேசுவதே இல்லை. நான் படித்தது வீணா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

வீண் இல்லை. விடை ஒன்றுதான், போகும் வழி வேறு. நாம் கணக்குகளை ஆள்சார், சொத்து, பெயரளவு என்று மூன்றாகப் பிரித்துப் படித்தோம். அமெரிக்கப் பாடம் ஒரே சமன்பாட்டிலிருந்து கிளம்புகிறது: சொத்துகள் = பொறுப்புகள் + உரிமையாளர் பங்கு. இடப்பக்கம் இருப்பவை கூடினால் டெபிட் (பற்று), வலப்பக்கம் இருப்பவை கூடினால் கிரெடிட் (வரவு). வருமானம் உரிமையாளர் பங்கைக் கூட்டுகிறது, அதனால் கிரெடிட். செலவும் டிவிடெண்டும் அதைக் குறைக்கின்றன, அதனால் டெபிட். இவ்வளவுதான். ஒரு மாதத்துக்குப் பொன் விதிகளை ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு பதிவிலும் ‘எந்தக் கணக்கு, அது எந்த வகை, கூடுகிறதா குறைகிறதா’ என்று மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். இரண்டு முறைகளையும் கலப்பவர்தான் தேர்வில் தடுமாறுகிறார்.

உங்களை உண்மையில் இடறிவிடப்போவது சொற்கள். இங்கே ‘ஸ்டாக்’ என்றால் பங்கு, சரக்கு இருப்புக்கு ‘இன்வென்டரி’ என்பார்கள். கடனாளிகளை ‘அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள்’ என்றும், ஐயக்கடன் ஒதுக்கை ‘அலவன்ஸ்’ என்றும் சொல்வார்கள். இலாப நட்டக் கணக்கு ‘இன்கம் ஸ்டேட்மென்ட்’ ஆகிவிடும். இருப்பு நிலைக் குறிப்பின் (பேலன்ஸ் ஷீட்) வரிசையும் தலைகீழ்: இங்கே ரொக்கம் முதல் வரியில் வரும், நிலமும் கட்டடமும் பின்னால் வரும்.

ரொக்கம் கூடினால் டெபிட் என்கிறார் ஆசிரியர். ஆனால் சம்பளம் ஏறும்போது வங்கி ‘கிரெடிட்டட்’ என்று செய்தி அனுப்புகிறது. எது சரி?
– வாசகி, இர்விங், டெக்சாஸ்

இரண்டும் சரி. வங்கி அனுப்புவது வங்கியின் புத்தகத்தில் இருப்பது. நீங்கள் போட்ட பணம் வங்கிக்குப் பொறுப்பு, என்றாவது உங்களுக்குத் திருப்பித் தர வேண்டியது. பொறுப்பு கூடினால் கிரெடிட். உங்கள் புத்தகத்தில் அதே பணம் சொத்து, ஆகவே டெபிட். வகுப்பில் எப்போதும் நிறுவனத்தின் புத்தகத்துக்குள் நின்றுகொண்டு பாருங்கள். நம் புத்தகத்தையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் அத்தியாயம் வரும்போது இந்தத் தெளிவு மிகவும் உதவும்.

முதல் தேர்வில் 91. சரிக்கட்டுப் பதிவுகள் வந்த இரண்டாம் தேர்வில் 58. வகுப்பில் பாதிப் பேருக்கு இதே நிலை. எங்கே தவறு?
– வாசகர், பிளேனோ, டெக்சாஸ்

இந்தப் பாடத்தில் மாணவர்களை அதிகம் கவிழ்க்கும் இடம் இதுதான். இதை முழுதாகப் புரிந்துகொண்டால் மீதிப் பாடம் வசப்படும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

முதல் அத்தியாயங்களில் பதிவுக்குக் காரணமாக ஒரு நிகழ்வு கண்ணுக்குத் தெரியும்: பில் வந்தது, காசோலை கொடுத்தோம். கணக்கை முடிக்கும் நாளில் போடும் சரிக்கட்டுப் பதிவுக்கு அப்படி எந்தக் காகிதமும் வராது. நாள் நகர்ந்தது என்பதே நிகழ்வு. ஆகவே விதியை மனப்பாடம் செய்தவருக்குப் பிடி கிடைப்பதில்லை. ஒவ்வொரு கணக்கிலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்று புத்தகத்தில் என்ன இருக்கிறது? இன்று உண்மையில் என்ன இருக்க வேண்டும்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பதிவு.

அக்டோபர் 1 அன்று ஓராண்டுக் காப்பீட்டுக்கு 2,400 டாலர் கட்டி, முன்செலுத்திய காப்பீடு என்று சொத்தில் வைத்திருக்கிறீர்கள். டிசம்பர் 31 அன்று மூன்று மாதம் கழிந்துவிட்டது. மாதம் 200 வீதம் 600 செலவாகிவிட்டது, இருக்க வேண்டியது 1,800. காப்பீட்டுச் செலவு டெபிட் 600, முன்செலுத்திய காப்பீடு கிரெடிட் 600. இங்கே மாணவர்கள் செய்யும் பிழை 1,800-ஐப் பதிவாக எழுதுவது. மிச்சத்தையும் தீர்ந்ததையும் குழப்பிக்கொள்கிறார்கள். கேள்வித்தாளில் ‘எக்ஸ்பையர்ட்’ என்றிருந்தால் தீர்ந்த தொகை, ‘அன்எக்ஸ்பையர்ட்’ என்றிருந்தால் மிச்சத் தொகை. அந்தச் சொல்லின் கீழே கோடு போடுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம்: நவம்பர் 1 அன்று ஐந்து மாத டியூஷனுக்கு 1,500 டாலர் முன்கூட்டியே வாங்கிவிட்டீர்கள். அது வருமானமே அல்ல, நீங்கள் சொல்லிக்கொடுக்கக் கடமைப்பட்ட பொறுப்பு. டிசம்பர் 31 வரை இரண்டு மாதம் சொல்லிக்கொடுத்ததால் 600 வருமானமாக மாறும், 900 பொறுப்பாகவே நிற்கும். கணக்கின் பெயரில் ‘ரெவென்யூ’ என்ற சொல் இருப்பதைப் பார்த்து ‘அன்எர்ன்ட் ரெவென்யூ’வை வருமானத்தில் சேர்த்துவிடுபவர்கள் ஏராளம்.

சம்பளக் கணக்கு இன்னும் நுட்பமானது. வாரம் ஐந்து நாள் வேலை, வாரச் சம்பளம் 2,000, வெள்ளிக்கிழமை பட்டுவாடா. டிசம்பர் 31 புதன்கிழமை என்று வையுங்கள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் வேலை முடிந்தது, பணம் இன்னும் கொடுக்கவில்லை. சம்பளச் செலவு டெபிட் 1,200, கொடுபட வேண்டிய சம்பளம் கிரெடிட் 1,200. இதைச் சரியாகப் போடுபவர்கள்கூட ஜனவரி 2 வெள்ளிக்கிழமையில் விழுகிறார்கள். அன்று 2,000 முழுவதையும் செலவில் போட்டால் 1,200 இரண்டு ஆண்டிலும் செலவாகிவிடும். கொடுபட வேண்டிய சம்பளம் டெபிட் 1,200, சம்பளச் செலவு டெபிட் 800, ரொக்கம் கிரெடிட் 2,000 என்பதே சரி.

தேய்மானத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. 12,000 டாலர் இயந்திரம், ஐந்தாண்டு ஆயுள், எச்ச மதிப்பு (ஆயுள் முடிவில் மிஞ்சும் மதிப்பு) 2,000 என்றால் ஆண்டுக்கு 2,000. அதை இயந்திரக் கணக்கிலிருந்து நேரே கழிக்காமல் திரண்ட தேய்மானம் என்ற தனிக் கணக்கில் கிரெடிட் செய்ய வேண்டும். வாங்கிய விலை புத்தகத்தில் அப்படியே நிற்கும்.

போட்ட பதிவு சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சரிக்கட்டுப் பதிவு ஒவ்வொன்றிலும் இன்கம் ஸ்டேட்மென்ட் கணக்கு ஒன்றும், இருப்பு நிலைக் குறிப்புக் கணக்கு ஒன்றும் இருக்கும். ரொக்கம் ஒருபோதும் வராது. உங்கள் பதிவில் ரொக்கம் தலைகாட்டினால் அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். இணையதள வீட்டுப்பாடம் கணக்குப் பெயர்களைப் பட்டியலாகக் காட்டி, தவறினால் இன்னொரு வாய்ப்பும் தருவதால் தெரிந்துவிட்டது போன்ற மயக்கம் வரும். அதே கணக்கை மறுநாள் வெற்றுத்தாளில், டி வடிவக் கணக்கு வரைந்து கையால் போட்டுப் பாருங்கள்.

இருப்பாய்வு (டெபிட், கிரெடிட் கூட்டல்களை ஒப்பிடும் பட்டியல்) ஒட்டவில்லை. மணிக்கணக்காகத் தேடுகிறேன். குறுக்குவழி உண்டா?
– வாசகி, ஃப்ரீமான்ட்

உண்டு. முதலில் இரண்டு பக்கக் கூட்டலின் வித்தியாசத்தை எடுங்கள். அதே தொகை ஏதாவது ஒரு பதிவில் இருக்கிறதா? இருந்தால் ஒரு பக்கம் பேரேட்டில் விட்டுப்போயிருக்கலாம். இல்லையென்றால் இரண்டால் வகுங்கள். அந்தப் பாதித் தொகை எங்காவது இருந்தால் அது டெபிட்டுக்குப் பதில் கிரெடிட்டில் ஏறியிருக்கும். அடுத்து ஒன்பதால் வகுங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு: 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. 540-ஐ 54 என்று எழுதினாலும் வித்தியாசம் 486, அதுவும் ஒன்பதால் வகுபடும்.

ஒட்டிவிட்டதாலேயே சரி என்றும் நிம்மதி கொள்ள வேண்டாம். ஒரு பதிவையே முழுதாக விட்டிருந்தாலும், இரண்டு முறை போட்டிருந்தாலும், வாடகையை மின்கட்டணத்தில் எழுதியிருந்தாலும் இருப்பாய்வு அழகாக ஒட்டும்.

லிஃபோ முறை (கடைசியில் வாங்கிய சரக்கு முதலில் விற்றதாகக் கொள்வது) இந்தியாவில் இல்லையே, இதை ஏன் படிக்க வேண்டும்?
– வாசகர், சன்னிவேல்

இந்தியக் கணக்கியல் தரங்களும் பன்னாட்டுத் தரமும் லிஃபோவை ஏற்பதில்லை, அமெரிக்கத் தரம் ஏற்கிறது. விலை ஏறும் காலத்தில் அது இலாபத்தைக் குறைத்துக் காட்டும், வரியும் குறையும். 10 பொருள் 20 டாலருக்கும், 10 பொருள் 22-க்கும், 10 பொருள் 25-க்கும் வாங்கி 18 விற்றதாக வையுங்கள். முதலில் வாங்கியது முதலில் விற்றதாகக் கொள்ளும் ஃபிஃபோவில் விற்ற சரக்கின் அடக்கம் 376, இருப்பு 294. லிஃபோவில் அடக்கம் 426, இருப்பு 244. எந்த முறையானாலும் இரண்டையும் கூட்டினால் மொத்தக் கொள்முதல் 670 வர வேண்டும். தேர்வில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஒதுக்குங்கள். இன்னொன்று: வரிக்கு லிஃபோ காட்டும் நிறுவனம் தன் நிதியறிக்கையிலும் லிஃபோவையே காட்ட வேண்டும் என்பது அமெரிக்க வரிச் சட்டம்.

இந்தப் பாடம் சி.பி.ஏ. (உரிமம் பெற்ற அமெரிக்கக் கணக்காளர்) தேர்வுக்குக் கணக்கில் சேருமா?
– வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் மேல்நிலைக் கணக்கியல் பாடங்களையே கேட்கிறார்கள். ஏசிசிடி 2301 என்ற எண்ணுள்ள இந்த முதல் பாடம் அந்தக் கணக்கில் சேராது, ஆனால் இதை முடிக்காமல் மேல்நிலைப் பாடங்களுக்குள் போக முடியாது. உங்கள் இந்தியப் பட்டத்தை மாநில வாரியம் ஏற்கும் அமைப்பிடம் மதிப்பீடு செய்து வாங்கிவிட்டு, குறையும் பாடங்கள் எவை என்று பார்த்தபின் கட்டணம் கட்டுங்கள். சி.பி.ஏ. அளவுக்குப் போக விருப்பமில்லை, வரி வேலை போதும் என்றால், வருமான வரித் துறையின் என்ரோல்ட் ஏஜென்ட் தேர்வுக்குப் பட்டமே தேவையில்லை. மூன்று தாள்கள் எழுத வேண்டும். எதைப் படித்தாலும், எச்-4 விசாவில் இருப்பவர் வேலைக்கான அனுமதி அட்டை கைக்கு வந்த பிறகே சம்பளத்துக்கு வேலை செய்யலாம்.