இரண்டு பாவனைகள்

கேள்வி: சைக்கிள் ஓட்டப் போட்டிகளில் ஊக்கமருந்துப் பாவனைக்காக அகப்பட்டவர்களை ஆயுள் முழுவதும் தடைசெய்ய வேண்டுமா, அல்லது தண்டனைக் காலம் முடிந்ததும் மன்னித்து மீண்டும் ஓடவிட வேண்டுமா? பறிக்கப்படும் பட்டங்களை இரண்டாவதாக வந்தவருக்கே கொடுத்துவிட்டால் என்ன?
– இ. க., கோண்டாவில்

பதில்: 'பாவனை' என்று எழுதியமைக்காக முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நல்லூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எங்கள் பக்கங்களில் இச்சொல் வரும் மாதமெல்லாம் தவறாமல் ஓர் அஞ்சலட்டை அனுப்புகிறார். பாவனை என்றால் நடிப்பு, நீர் சொல்ல வந்தது பயன்பாடு, ஆகவே திருத்துக என்பது அட்டையின் மாறாத வாசகம். அரசாங்கமே பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை என்று ஒன்றை வைத்திருக்கிறதே, அரிசியும் பருப்பும் வாங்குகிற நாமெல்லோரும் நடிகர்களா என்று நானும் மாறாமல் மறுமொழி எழுதுவேன். பல வருடங்களாக நடந்துவரும் இந்த வழக்கை உங்கள் கேள்வி முடித்துவைத்துவிட்டது. சைக்கிள் ஓட்டத்தைப் பொறுத்தவரை அவரும் சரி, நானும் சரி. மருந்தைப் பாவிப்பது ஒரு பாவனை. பாவிக்காதவர்போல நடந்துகொள்வது மற்றொரு பாவனை. முதலாவதற்கு ஆயுள் தடை கூடாது என்பதும், இரண்டாவதைப் பிறரை நசுக்கிக் காப்பாற்றியவருக்கு ஆயுள் தடை வேண்டும் என்பதும் என் கட்சி.

பாவிப்பது நேற்று வந்த பழக்கமல்ல. 1924இல் பிரான்ஸின் பெரிய சைக்கிள் ஓட்டமான டூர் டி பிரான்ஸ் போட்டியிலிருந்து நடுவழியில் விலகிய பெலிசியே சகோதரர்கள், கூத்தான்ஸ் நகரத்துத் தேநீர்ச்சாலையொன்றில் அமர்ந்து, ஆல்பேர் லோந்த்ர் என்ற பத்திரிகையாளரின் முன்னிலையில் தங்கள் பைகளைத் திறந்து காட்டினார்கள். கண்ணுக்குக் கொக்கெயின், பல்முரசுக்குக் குளோரோஃபோம், அதற்குமேல் குளிசைப் பெட்டிகள். தாங்கள் டைனமைட்டில் ஓடுவதாக அவர்களே சொன்னார்கள்.

நாங்கள் டைனமோவில் ஓடிய தலைமுறை. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பற்றரியும் பெற்றோலும் அருந்தலான பிறகு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளர்ந்துவிடும். மோட்டார் சைக்கிளுக்கோ, கார்புரேற்றரில் சில துளி பெற்றோலை ஊட்டி உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இயந்திரத்துக்கு ஏற்றப்பட்ட அந்த ஊக்கமருந்தில் கள்ளம் இருக்கவில்லை, ஏனென்றால் புகையும் மணமும் ஒழுங்கை முனையிலேயே வாக்குமூலம் கொடுத்துவிடும். இதை ஏன் சொல்கிறேனென்றால், 2016 ஜனவரியில் பெல்ஜியத்தில் நடந்த உலகப் போட்டியொன்றில், 19 வயது வீராங்கனை ஒருவரின் சைக்கிள் சட்டத்துக்குள் சிறிய மின்மோட்டார் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது நண்பரின் சைக்கிள் என்றார் அவர். ஆறு ஆண்டுத் தடையும் 20,000 சுவிஸ் பிராங் தண்டமும் விதிக்கப்பட்டன. இருந்த மோட்டார்களையெல்லாம் கொட்டிலில் சாத்திவிட்டுச் சைக்கிள் மிதித்த எங்களுக்கு, சைக்கிளுக்குள் மோட்டாரை ஒளிக்கின்ற அளவுக்கு வசதி மிகுந்த ஒரு தேசத்தைக் கற்பனை செய்யவே சற்று நேரம் எடுத்தது.

பகிடியை விட்டு இரத்தத்துக்கு வருவோம். தொண்ணூறுகளில் இவ்விளையாட்டை ஆட்கொண்ட ஈ.பி.ஓ. என்பது, இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்குவதற்கெனச் சிறுநீரகம் தானே சுரக்கும் ஒரு பொருள். சிறுநீரகம் பழுதாகி இரத்தச்சோகைக்கு உள்ளாகும் நோயாளிகளுக்கென அதனைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். மலையேறும் ஓட்டவீரர்கள் அதனைத் தங்களுக்கென எடுத்துக்கொண்டார்கள். சிவப்பணு கூடினால் தசைக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் கூடும், இரத்தமும் தடிக்கும். வெகுகாலம் அதனைக் கண்டறியச் சோதனை இருக்கவில்லை. ஆகவே சர்வதேசச் சைக்கிள் சங்கம் 1997இல், இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓடமுடியாது என்று விதித்தது. 49இல் இருப்பவரிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படாது என்பதே இவ்விதிக்கு ஓட்டவீரர்கள் கொண்ட பொருள். 1996இல் டூர் டி பிரான்ஸை வென்ற டென்மார்க்கின் பியார்ன ரீஸுக்கு 'திருவாளர் 60 சதவீதம்' என்றே பட்டப்பெயர். அவர் 2007இல் தாமாகவே உண்மையைச் சொல்லி, வெற்றியாளரின் மஞ்சள் மேலங்கி வீட்டில் ஒரு மட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். காலம் கடந்துவிட்டதால் வெற்றி இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது.

1998இல் பெஸ்தினா அணியின் உதவியாளர் ஒருவர், கார் நிறைய மருந்துகளோடு பெல்ஜிய – பிரெஞ்சு எல்லையில் பிடிபட்டபோது வெளியானது என்ன? அணியின் நிர்வாகமும் மருத்துவரும் சேர்ந்து ஒழுங்கு செய்திருந்த ஒரு விநியோகம். அவ்வாறான கொட்டகைக்குள் நுழைகின்ற 22 வயது இளைஞனுக்கு ஊசியை ஏற்பதா, வேலையைத் துறப்பதா என்பதே தெரிவு. அவனை ஆயுள் முழுவதும் துரத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே 1998இல் இத்தாலிச் சுற்றையும் டூர் டி பிரான்ஸையும் ஒருசேர வென்ற மார்க்கோ பன்தானி, அடுத்த வருடம் இத்தாலிச் சுற்றில் முன்னணியில் இருக்கும்போதே இரத்தம் 52 சதவீதம் காட்டியதால் விலக்கப்பட்டார். அதன்பின் அவர் பழைய மனிதராக மீளவேயில்லை. 2004 பெப்ரவரி 14ஆம் திகதி றிமினி நகரத்து விடுதி அறையொன்றில், கொக்கெயின் மிகையால் தனியே இறந்துகிடந்தார். மறுபுறம், அதே 2004இல் வீட்டில் பாவித்த ஊசிகளோடு அகப்பட்டு, இரண்டு ஆண்டுத் தடையை ஏற்று, உலகப் பட்டத்தையும் இழந்து திரும்பிவந்த பிரித்தானியர் டேவிட் மில்லர், எவ்வாறு ஒருவன் ஊசிக்கு இணங்குகிறான் என்பதை இளையவர்களுக்கு விளக்கிச் சொல்பவராக மாறினார். ஆயுள் தடை விதித்திருந்தால் அந்த வாயும் அடைபட்டிருக்கும்.

இனி ஆசிரியர் ஐயாவின் பாவனை. அமெரிக்க ஓட்டவீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் டூர் டி பிரான்ஸில் தமது ஏழு வெற்றிகளில் முதலாவதை ஈட்டிய 1999இல், அவரது சிறுநீரில் கோர்ட்டிசோன் வகை மருந்தின் சுவடு தென்பட்டது. இருக்கைப் புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று முன்திகதியிட்ட ஒரு மருத்துவச் சீட்டு காட்டப்பட்டது. அந்தச் சீட்டின் கதையை வெளியே சொன்ன அணியின் மசாஜ் பணியாளர் எம்மா ஓ'றைலியை அவர் இழிவாகப் பேசினார். சந்தேகத்தை எழுதிய லண்டன் பத்திரிகையை வழக்குக்கு இழுத்து, 2006இல் 300,000 பவுண் பெற்றார். அதே 1999இல், பெஸ்தினா அணியில் ஊசியை மறுத்தவரெனச் சக வீரர்களே பொலிசாரிடம் குறிப்பிட்ட கிறிஸ்தொஃப் பாசோன், மருந்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிவந்தார். ஓட்டத்தின் நடுவே அவரருகில் வந்து, வீட்டுக்குப் போவது நல்லது என்ற தோரணையில் பேசினார் ஆம்ஸ்ட்ரோங். தம் அணியினர்கூடப் பேச மறுத்த நிலையில், சில நாட்களில் பாசோன் போட்டியை விட்டு வெளியேறினார். 2004இல், ஆம்ஸ்ட்ரோங்கின் மருத்துவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஓட்டவீரர் பிலிப்போ சிமியோனி முன்னே போக முயன்றபோது, வெற்றியை ஏறத்தாழக் கையில் வைத்திருந்த ஆம்ஸ்ட்ரோங் தாமே துரத்திப்பிடித்து அவரைப் பின்னுக்குத் திரும்பச் செய்து, வாயைப் பூட்டுவதுபோல் கமராவுக்கு ஒரு சைகையும் காட்டினார். அதுவும் ஒரு பாவனை. ஆசிரியர் ஐயா மூன்றாவது பொருளாகக் குறித்துக்கொள்ளலாம்.

என் பக்கச்சார்பையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். எழுபதுகளின் கடைசியில் எங்கள் கிராமத்துச் சனசமூக நிலையத்தின் ஆண்டுவிழாச் சைக்கிள் ஓட்டம், கீரிமலைவரை போய்த் திரும்புவது. முன்னணியில் வந்த ஓர் அண்ணர், தட்டிவானொன்றின் பின்தட்டியை இடக்கையால் பற்றி, வலக்கையால் ஹாண்டிலைப் பிடித்து, காலிரண்டும் பெடலில் ஆறுதலாக இருக்க என்னைக் கடந்து போனதை, மதகில் குந்தியிருந்த நான் கண்டேன். கண்டதைச் சொன்னேன். நிலையத்தின் பொருளாளர் எல்லோர் முன்னிலையிலும் என் கன்னத்தில் அறைந்தார். வானை ஒழுங்கு செய்தவரே அவர்தான் என்பது பின்னர் தெரிந்தது. ஓடிய அண்ணர் அன்றிரவே எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் உண்மையை ஒப்புக்கொண்டார். அடுத்த வருடமும் ஓடினார், நாலாவதாக வந்தார், கைதட்டியவர்களில் நானும் ஒருவன். பொருளாளரை மன்னிக்கும் எண்ணம் எனக்கு இன்னும் வரவில்லை.

இந்த வேறுபாட்டைச் சட்டமும் காலம் தாழ்த்தியாவது கண்டுகொண்டது. 2021 முதல் நடைமுறையிலுள்ள உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, வேண்டுமென்றே பாவித்தவருக்கு நான்கு ஆண்டுத் தடை, உடனடியாக ஒப்புக்கொண்டால் அதில் ஓராண்டு கழிவு. மருந்தை விற்பவருக்கும் ஏற்றுபவருக்கும் நான்கு ஆண்டிலிருந்து ஆயுள்வரை; தகவல் சொல்பவரை மிரட்டுபவருக்கும் பழிவாங்குபவருக்கும் இரண்டு ஆண்டிலிருந்து ஆயுள்வரை. கடைசி விதியின் இரண்டு ஆண்டு என்ற தொடக்கம் எனக்குக் குறைவாகவே படுகிறது. ஆம்ஸ்ட்ரோங் 2012இல் ஆயுள் தடை பெற்றார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன முன்னாள் அணித் தோழர்கள் 11 பேரில், தாமும் பாவித்ததை ஒப்புக்கொண்ட சிலர் ஆறு மாதத்தோடு தப்பினார்கள். அது அநீதி என்று பலர் எழுதினார்கள், நான் எழுதமாட்டேன். அநீதி வேறோரிடத்தில் நடந்தது. அதே வருடம், மலைச்சைக்கிள் போட்டியொன்றிலிருந்து இடையில் விலகி வீட்டுக்குப் புறப்பட்டுவிட்ட பாசோனுக்கு, சோதனைக்குச் சமுகமளிக்கவில்லை என்று ஓராண்டுத் தடை விதித்தார்கள்; பின்னர் அதை ஒரு மாதமாகக் குறைத்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மறுமொழி சுருக்கமானது. ஆம்ஸ்ட்ரோங்கின் பட்டங்களை அடுத்தவருக்குக் கொடுப்பதென்றால், 1999இல் இரண்டாவதாக வந்த அலெக்ஸ் சூல, பெஸ்தினா அணியில் பாவித்ததை ஒப்புக்கொண்டவர். மூன்று தடவை இரண்டாவதாக வந்த யான் ஊல்றிக்கும் 2005இல் இரண்டாவதாக வந்த இவான் பாசோவும் பின்னர் தடை பெற்றவர்கள். இப்படியே படிப்படியாக இறங்கினால் அணி வாகனத்துக்குப் பெற்றோல் அடித்தவரிடம் போய் நிற்க நேரும். ஏழு வருடங்களையும் வெற்றியாளர் இன்றியே விட்டார்கள், அது சரி. எங்கள் ஓட்டத்தின் முதற் பரிசாக வைத்திருந்த பெற்றோமக்ஸ் விளக்கும் அந்த வருடம் எவருக்கும் கொடுக்கப்படவில்லை. வாசிகசாலையின் நடுவளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். மாலையில் யாராவது மண்ணெண்ணெய் கொண்டுவந்தால் அதனைக் காற்றடித்துக் கொளுத்தி, அதன் கீழிருந்து எல்லோரும் பத்திரிகை வாசித்தோம்.