காப்பர் டி போட்டவங்களுக்கு குடல்ல பிரச்சனை வருமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 44. ரெண்டாவது குழந்தைக்கு அப்புறம் கர்ப்பத்தடைக்காக கருப்பைக்குள்ள காப்பர் டி போட்டாங்க, 13 வருஷம் ஆச்சு, எடுக்கணும்னு யாரும் சொல்லல, நானும் மறந்தே போயிட்டேன். ஒரு மூணு மாசமா இடது அடிவயித்துல வலி, மலச்சிக்கல், மலம் ஒல்லியா போகுது, சாயங்காலமானா லேசா காய்ச்சல், எடையும் குறைஞ்சிருக்கு. கேஸ் மாத்திரை சாப்பிட்டு பார்த்தேன், ஒண்ணும் கேட்கல. ஸ்கேன்ல கட்டின்னு வந்துச்சு, கொலனோஸ்கோபில குடலோட உள்பக்கம் நல்லா இருக்கு, ஆனா ஒரு இடத்துல வெளியில இருந்து அமுக்கி சுருங்கியிருக்குன்னு சொல்றாங்க. கேன்சரா இருக்குமோன்னு தூக்கமே வரல.

பதில்: கேன்சர் இல்லன்னு நான் இங்க உட்கார்ந்து சொல்ல முடியாதும்மா, அதை பரிசோதனைதான் சொல்லணும். ஆனா உங்க குடல் டாக்டர்கிட்ட காப்பர் டி பத்தி சொன்னீங்களா? பெரும்பாலும் யாரும் சொல்றதில்ல, வயித்து வலிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு விட்டுடுவாங்க, டாக்டர்களும் கேட்க மறந்துடுவாங்க, இதுதான் எனக்கு பெரிய வருத்தம். கருப்பை, கருக்குழாய், சினைப்பை எல்லாம் பெருங்குடலோட கடைசி பகுதிக்கும் மலக்குடலுக்கும் ஒட்டினாப்புல பக்கத்துலயே இருக்கு. கருக்குழாய்ல கிருமி தொத்தி சீழ் கட்டினா குடலும் வந்து அதோட ஒட்டிக்கும், வீங்கும், சுருங்கும். சீழ் மலக்குடலை உறுத்தினா அடிக்கடி மலம் வர்ற மாதிரி இருக்கும், சளி சளியா போகும், சிலருக்கு பேதின்னே நினைச்சு மருந்து குடுத்துட்டு இருப்பாங்க. சீழ்கட்டி குடலுக்குள்ளயே ஓட்டை போடறதும் உண்டு, ஆனா அது அபூர்வம்.

உங்க விஷயத்துல நான் யோசிக்கிறது ஆக்டினோமைசிஸ்னு ஒரு பாக்டீரியா. நம்ம வாய்லயும் குடல்லயும் சாதாரணமா இருக்கறதுதான், காப்பர் டி ரொம்ப வருஷம் உள்ளேயே இருந்தா சிலருக்கு அங்க குடியேறி மெதுவா, கட்டி மாதிரி கெட்டியா வளரும், பக்கத்துல இருக்கற குடல், சிறுநீர்க்குழாய்னு எதையும் விட்டுவைக்காம பரவும். ஸ்கேன்ல பார்த்தா கேன்சர் மாதிரியே இருக்கும். ஆபரேஷன் பண்ணி குடலை வெட்டி எடுத்தப்புறம்தான் கேன்சர் இல்லன்னு தெரிஞ்சவங்களும் இருக்காங்க. அதனால கட்டில இருந்து சதை எடுத்து பயாப்ஸி பண்ணும்போது இந்த கிருமியையும் தேடச் சொல்லுங்க. உறுதியானா காப்பர் டியை எடுத்துட்டு பெனிசிலின் வகை மருந்து, முதல்ல சில வாரம் ஊசி, அப்புறம் 6ல இருந்து 12 மாசம் வரைக்கும் மாத்திரைன்னு போகும். நடுவுல நல்லாயிடுச்சுன்னு நிறுத்தக்கூடாது. நிறைய பேருக்கு கட்டி மருந்துலயே கரைஞ்சிடுது. வாந்தி, வயிறு உப்பி கேஸ் கூட பிரியலன்னா குடல் அடைப்பா இருக்கலாம், அன்னைக்கே எமர்ஜென்சிக்கு போயிடுங்க.

கேள்வி: காப்பர் டி போட்டு ரெண்டு வாரம்தான் ஆகுது, அடிவயித்து வலி, காய்ச்சல், நாத்தத்தோட வெள்ளைப்படுது. நாத்தனார் உடனே எடுத்துடு, குடலுக்குள்ள ஏறிடும்னு பயமுறுத்துறாங்க.

பதில்: போட்ட முதல் மூணு வாரத்துலதான் தொற்று வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம், ஏற்கனவே இருந்த பால்வினை கிருமி மேல ஏறிடும். அதனால இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சா காப்பர் டியை உடனே எடுத்தே ஆகணும்னு இல்ல, ரெண்டு மூணு நாள்ல குணம் தெரியலன்னா எடுக்கறதைப் பத்தி டாக்டர் யோசிப்பாங்க. உங்க வீட்டுக்காரருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் வேணும். உங்க நாத்தனார் சொல்றது முழுக்க கற்பனையும் இல்ல, ஆயிரம் பேர்ல சுமார் ஒருத்தருக்கு அது கருப்பையை துளைச்சு வெளியே போகலாம், அதுலயும் குடல் வரைக்கும் போறது ரொம்ப கம்மி. காப்பர் டியோட நுனில தொங்கற நூல் கைக்கு தட்டுப்படலன்னா ஸ்கேன் எடுத்து பாருங்க, நீங்களா இழுத்து பார்க்க வேணாம்.