ஆண்ட்ரோமீடாவின் இரண்டு துணைகள்: பள்ளித் தொலைநோக்கியில் தெரியுமா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளிக்கு 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட பிரதிபலிப்புத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினோம். அதில் ஆண்ட்ரோமீடா பேரடை (கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம்) மங்கிய பஞ்சுத் துண்டு போலத் தெரிகிறது. அதைச் சுற்றும் எம்32, எம்110 என்ற சிறிய பேரடைகளை 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டு எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. இந்தத் தொலைநோக்கி போதாதா? அவை உண்மையிலேயே ஆண்ட்ரோமீடாவைத்தான் சுற்றுகின்றன என்று எப்படித் தெரியும் என்று ஒரு மாணவி கேட்கிறாள். அதற்கும் பதில் வேண்டும்.

பதில்: தொலைநோக்கி தாராளமாகப் போதும். முதலில் அந்த 10 மி.மீ. ஐபீஸைக் கழற்றிவிட்டு 25 மி.மீ. ஐபீஸைப் போடுங்கள்.

10 மி.மீ. ஐபீஸில் உருப்பெருக்கம் 65 மடங்கு. அப்போது கண்ணுக்குத் தெரியும் வட்டம் முக்கால் பாகைக்கும் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆண்ட்ரோமீடாவின் மையத்தை நடுவில் வைத்தால் எம்32 சரியாக வட்டத்தின் விளிம்பில் போய் உட்காரும். எம்110 வட்டத்துக்கு வெளியே இருக்கும். 25 மி.மீ. ஐபீஸில் உருப்பெருக்கம் 26 மடங்காகக் குறைந்து, ஏறத்தாழ இரண்டு பாகை அகலம் தெரியும். நான்கு முழு நிலாக்களை வரிசையாக வைக்கும் அகலம் அது. மூன்று பேரடைகளும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும்.

எம்32 உங்கள் கண்ணில் ஏற்கெனவே பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். நட்சத்திரம் என்று எண்ணிக் கடந்திருப்பீர்கள். மிகச் சிறியது, நடுவில் அடர்ந்து ஒளிர்வது என்பதால் பலரும் அப்படித்தான் ஏமாறுகிறார்கள். சோதிக்க எளிய வழி உண்டு. அருகிலுள்ள நட்சத்திரங்கள் ஊசி முனையாகும் வரை குவியத்தைச் சரிசெய்யுங்கள். எல்லாம் கூர்மையான பின்னும் ஒன்று மட்டும் பனி படிந்த விளக்கு போல மங்கலாகவே நின்றால், அதுதான் எம்32. ஆண்ட்ரோமீடா மையத்திலிருந்து தெற்கே, அரைப் பாகைக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் இருக்கும்.

எம்110 வேறு மாதிரி. மையத்தின் எதிர்ப்பக்கத்தில், வடமேற்கில், எம்32-ஐப் போல ஒன்றரை மடங்கு தள்ளி இருக்கிறது. மொத்த ஒளியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எம்110-இன் ஒளி பரந்து கிடக்கிறது. ஒரு சிட்டிகைக் கோலமாவைப் புள்ளியாக வைத்தால் தெருமுனையிலிருந்தே தெரியும். அதையே வாசல் முழுக்கத் தூவிவிட்டால் அருகில் நின்றாலும் தெரியாது. இந்த இடத்தில் பெரிய கண்ணாடி வாங்குவதைவிட இருட்டைத் தேடிப் போவதே பலன் தரும். ஊர் வெளிச்சத்தில் நின்றுகொண்டு 130 மி.மீ.யால் முடியாதது, விளக்கில்லாத தோட்டத்தில் பைனாகுலராலேயே முடிந்துவிடுகிறது. ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் போங்கள். அமாவாசையை ஒட்டிய நாளாக இருக்கட்டும். கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் கொடுங்கள். அதற்குள் யாராவது கைப்பேசியைத் திறந்தால் அந்த வெளிச்சம் கண்ணில் பட்ட எல்லோருக்கும் அந்த அரை மணி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பிறகு கடைக்கண்ணால் பாருங்கள். எம்110 இருக்கும் இடத்தை நேராக நோக்காமல் சற்றுத் தள்ளிப் பார்வையை நிறுத்தினால், மங்கிய ஒளியை உணரும் செல்கள் வேலை செய்து, நீள்வட்டமான ஒரு வெண்மை எழுந்து வரும்.

பிரதிபலிப்புத் தொலைநோக்கியில் படம் தலைகீழாகத் தெரிவதால் மேல், கீழ் என்று தேடிக் குழம்ப வேண்டாம். தொலைநோக்கியை அசைக்காமல் விடுங்கள். வானம் நகர்ந்து வட்டத்தை விட்டு எந்தப் பக்கம் வெளியேறுகிறதோ அதுவே மேற்கு.

எப்போது பார்ப்பது? அக்டோபர், நவம்பரில் ஆண்ட்ரோமீடா உச்சத்தில் இருந்தாலும் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிவிடுகிறது. நம் பக்கத்துக்கு டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் நல்ல காலம். இரவு ஏழு மணிக்கே உச்சத்தைத் தாண்டி வடமேற்காகச் சாயத் தொடங்கியிருக்கும்; அப்போதும் நல்ல உயரம். மாணவிகளும் நேரத்தோடு வீடு திரும்பலாம். வழிகாட்டியாகப் பெரிய சதுரத்தைக் காட்டுங்கள். நம் பஞ்சாங்கத்தின் பூரட்டாதி, உத்திரட்டாதி இரண்டும் சேர்ந்து, கட்டிலின் நான்கு கால்களைப் போல நிற்கும் சதுரம் அது. உத்திரட்டாதியின் வடக்கு நட்சத்திரத்திலிருந்து கிழக்கே இரண்டாவதாக வருவது மிராக். அங்கிருந்து வடக்கே திரும்பினால் அடுத்தடுத்து இரண்டு மங்கிய நட்சத்திரங்கள். இரண்டாவதை ஒட்டியே ஆண்ட்ரோமீடா.

எம்32-ஐக் காட்டும்போது அதைக் கண்டுபிடித்தவரைப் பற்றியும் சொல்லுங்கள். 1749-இல் முதன்முதலில் அதைக் கண்டவர் பிரான்ஸ் நாட்டு வானியலாளர் லெ ஜென்டில். அப்போது அவருக்கு 24 வயது. பின்னாளில், சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். 1761-இல் அவர் வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட, அந்த நிகழ்வு நடுக்கடலில் கழிந்தது. ஆடும் கப்பலிலிருந்து அளவெடுக்க முடியவில்லை. எட்டு ஆண்டுகள் இந்தப் பக்கக் கடல்களிலேயே காத்திருந்து 1769-இல் புதுச்சேரியில் தொலைநோக்கியுடன் நின்றார். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது. அந்தக் காலத்தில் தமிழர்கள் கிரகணத்தைக் கணிக்கும் முறையைக் கற்று, விரிவாக எழுதிவைத்தார். அந்த எழுத்துக்காகவே நாம் அவரை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி மாணவியின் கேள்வி. அருமையான கேள்வி. ஒரு முழுச் சுற்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. மனித வாழ்நாளில் பார்க்கவும் இயலாது. தடயங்களை வைத்தே சொல்கிறோம். முதல் தடயம் தூரம். 1944-இல் வானியலாளர் வால்ட்டர் பாடே ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதியையும் இந்த இரு துணைகளையும் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரித்துப் படமெடுத்ததை வெளியிட்டார். போர்க்கால விளக்கணைப்பால் லாஸ் ஏஞ்சலீஸ் வானம் இருண்டிருந்தது அதற்கு உதவியது. சிவப்புப் பெருமீன்கள் (முதுமையில் ஊதிச் சிவந்த நட்சத்திரங்கள்) எட்டும் உச்சப் பிரகாசம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், அவை எவ்வளவு மங்கித் தெரிகின்றன என்பதைக் கொண்டு தூரத்தை அளக்கலாம். மூன்றும் சுமார் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கின்றன.

அடுத்தது வேகம். ஆண்ட்ரோமீடா நொடிக்குச் சுமார் 300 கி.மீ., எம்110 சுமார் 240 கி.மீ., எம்32 சுமார் 200 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருகின்றன. இந்த வேறுபாடு, ஆண்ட்ரோமீடாவின் ஈர்ப்பு பிடித்துவைக்கக்கூடிய அளவுக்குள்ளேயே இருக்கிறது. மூன்றாவதாக, உடம்பிலுள்ள தழும்புகள்: எம்110-இன் வெளிப்புற நட்சத்திரங்கள் ஆண்ட்ரோமீடாவின் இழுப்பால் முறுக்கிக்கொண்டிருக்கின்றன.

எம்32 இவ்வளவு கச்சிதமாக இருப்பது ஆய்வாளர்களை நெடுங்காலம் குழப்பியது. அத்தனை சிறிய உடலின் மையத்தில் இருபது லட்சம் சூரியன்களுக்கு மேற்பட்ட நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. ஒரு காலத்தில் அது பெரிய பேரடையாக இருந்தது, சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆண்ட்ரோமீடா அதை விழுங்கியது, மிஞ்சிய மையமே எம்32 என்று 2018-இல் ரிச்சர்ட் டிசூசாவும் எரிக் பெல்லும் ஒரு விளக்கம் தந்தார்கள். சதையெல்லாம் போய் மாங்கொட்டை எஞ்சியது போல. முடிந்த முடிவு என்று சொல்ல மாட்டேன்; ஆனால் என்னை மிகவும் ஈர்த்த விளக்கம் இதுதான்.

ஆண்ட்ரோமீடாவுக்குத் தெரிந்த துணைகள் முப்பதுக்கும் மேல். மற்றவற்றுள் என்.ஜி.சி. (இன்னொரு வானியல் பட்டியல்) 185, 147 என்ற இரண்டை நல்ல இருட்டில் பின்னொரு நாள் முயலுங்கள். இந்த முறை வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லாமல், ஒவ்வொருவரையும் பார்த்ததைப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். ‘எம்’ எண்கள் கொண்ட பட்டியலைத் தொகுத்த பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெஸ்ஸியே 1773-இலேயே எம்110-ஐப் பார்த்தார், படத்திலும் வரைந்தார். ஆனால் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. பத்தாண்டு கழித்து வானியலாளர் கரோலின் ஹெர்ஷல் தானாகவே அதைக் கண்டார். 110 என்ற எண் கிடைத்தது 1960-களில். யாராவது ஒரு மாணவியின் படத்தில் எம்32-க்கு எதிர்ப்பக்கத்தில் மெல்லிய நீள்வட்டம் ஒன்று இருந்தால், அவளை மறுபடி பார்க்கச் சொல்லி, அதே இடத்தில் வரைகிறாளா என்று பாருங்கள். வரைந்தால் எம்110 கிடைத்துவிட்டது.