சிறிய ரீஃப் டேங்கில் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில்) தண்ணீரின் தரத்தைச் சீராக வைத்திருப்பது எப்படி?

கேள்வியில் நீங்கள் கொடுத்த விவரங்களை முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். 50 லிட்டர் தொட்டி, இரண்டு கோமாளி மீன்கள், சில மென்பவளங்கள், ஒன்றிரண்டு கடினப் பவளங்கள். உப்பு ஆயிரத்துக்கு 37 பங்கு, நைட்ரேட் (கழிவும் தீவனமும் மக்கி வருவது) 40 பி.பி.எம். (பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு), ஆல்கலினிட்டி 6.7 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு), பி.எச். 7.9. வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுகிறீர்கள். ஆவியாகிக் குறையும் அளவுக்கு, கலந்து வைத்த உப்புநீரையே ஊற்றுகிறீர்கள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது, எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உப்பில் தொடங்குங்கள். அடுத்தது ஆல்கலினிட்டி. நைட்ரேட்டுக்கு ஒன்றிரண்டு மாதம் அவகாசம் கொடுங்கள். பி.எச்.சை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த இடத்தை உப்புநீரால் நிரப்பினால் நாளுக்கு நாள் உப்பு ஏறிக்கொண்டே போகும். உங்கள் 37 வந்தது இப்படித்தான். கடல் நீரில் ஆயிரத்துக்கு சுமார் 35 பங்கு உப்பு. அதுதான் உங்கள் இலக்கு. 50 லிட்டர் தொட்டி என்றாலும் கல், மணல் போக அதில் 40 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். அதில் ஒரே ஒரு லிட்டர் ஆவியானால் 35 என்பது 35.9 ஆகிவிடும். 400 லிட்டர் தொட்டியில் அதே ஒரு லிட்டர் 0.1 கூட ஏற்றாது. சிறிய தொட்டியின் பாடு முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. பவளங்கள் 34-லும் வாழும், 36-லும் வாழும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆடினால்தான் சுருங்கிப்போகின்றன.

37-லிருந்து 35-க்கு வர, மொத்தமாக இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு நன்னீர் ஊற்ற வேண்டும். ஒரே நாளில் செய்யாதீர்கள். தினம் அரை லிட்டர் வீதம் நான்கைந்து நாளில் முடியுங்கள். அதற்குப் பிறகு ஆவியாகும் அளவை நன்னீரால் மட்டும் நிரப்புங்கள். நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணாடியின் வெளியே ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் தினமும் அளக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஒன்று: பின்பக்க அறைகளோடு வரும் தொட்டிகளில் முன்பக்க மட்டம் அப்படியே இருக்கும், பம்ப் இருக்கும் கடைசி அறையில்தான் குறையும். டேப்பை அங்கே ஒட்டுங்கள். மிதவை வைத்துத் தானாக நிரப்பும் கருவி ஒன்று வாங்க முடிந்தால், ஸ்கிம்மருக்கு (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவிக்கு) முன்னால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஊற்றும் நன்னீர் ஆர்.ஓ. சவ்வும், மிச்ச அயனிகளை நீக்கும் டி.ஐ. பிசினும் தாண்டி வந்ததாக, கரைந்த பொருட்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டுவதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் பாஸ்பேட், சிலிக்கேட், தாமிரம் எல்லாமே உப்பைப் போலத்தான். தண்ணீர் ஆவியாகும், அவை தங்கும். தாமிரம் சிறிதளவு சேர்ந்தாலே இறாலும் நத்தையும் செத்துவிடும்.

உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரையும் ஒருமுறை சரிபாருங்கள். வெறும் நன்னீரை வைத்து 0-வில் நிறுத்துவது போதாது, 35-க்கென்று விற்கும் திரவத்தை வைத்து 35-ல் நிறுத்துங்கள். நாம் படிக்கப்போகும் இடம் அதுதானே. சொட்டு விட்டு மூடியபின் அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

சரி, ஆல்கலினிட்டிக்கு வருவோம். ஒரு ரீஃப் டேங்கில் ஒரே ஒரு டெஸ்ட் கிட்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், நான் எடுப்பது இதைத்தான். கடினப் பவளம் எலும்புக்கூடு கட்டுவது கால்சியம் கார்பனேட்டால். கார்பனேட் எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது என்று காட்டுவது ஆல்கலினிட்டி. ஆல்கலினிட்டி 2.8 டி.கே.எச். இறங்கும்போது கால்சியம் 20 பி.பி.எம். மட்டும்தான் இறங்கும். 420-ல் இருக்கும் கால்சியத்தில் 20 குறைந்தால் கிட்டில் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. 8-ல் இருக்கும் ஆல்கலினிட்டியில் 2.8 போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதனால் பற்றாக்குறை முதலில் தெரிவது இங்கேதான். கால்சியத்தை 400-லிருந்து 450-க்குள்ளும் மக்னீசியத்தை 1300-ஐ ஒட்டியும் வைத்தால் போதும், அவற்றை அடிக்கடி பார்க்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு சொட்டுக்கும் 1 டி.கே.எச். என்று எண்ணும் வகைக் கிட் உங்களிடம் இருந்தால், 5 மில்லிக்குப் பதில் 10 மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு சொட்டு அரை டி.கே.எச். ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்கி, வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பாருங்கள். நீலம் மெல்ல வெளிறி, ஒரு சொட்டில் பச்சை எட்டிப்பார்க்கும், அடுத்த சொட்டில் தெளிந்த மஞ்சளாகிவிடும். மஞ்சள் நிலைத்த சொட்டு வரை எண்ணுங்கள். கிட்டின் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

6.7 என்பது ஆபத்தான எண் அல்ல. கடலிலேயே ஏறக்குறைய 7-தான். ஆனால் அது இறங்கிக்கொண்டே வந்து 6.7-ல் நிற்கிறதா, அங்கேயே நிலையாக இருக்கிறதா என்பது முக்கியம். இலக்காக 8 வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு அரை டி.கே.எச்.சுக்கு மேல் ஏற்றாதீர்கள். 40 லிட்டர் தண்ணீரில் 1 டி.கே.எச். ஏற்ற 1.2 கிராம் பேக்கிங் சோடா போதும் (பேக்கிங் பவுடர் வேறு, அது வேண்டவே வேண்டாம்). ஆக, ஒரு நாளைக்கு 0.6 கிராம். நன்னீரில் கரைத்து, பம்பின் வேகமான ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கால்சியமும் சேர்க்க வேண்டியிருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றாதீர்கள். தொட்டி பால்போல வெளுத்து, சேர்த்த இரண்டும் சுண்ணாம்பாகப் படிந்து வீணாகிவிடும்.

8 வந்தபின் எதுவும் சேர்க்காமல் மூன்று நாள் விட்டு, அதே நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும். 8-லிருந்து 6.8 ஆகியிருந்தால் நாளைக்கு 0.4 செலவாகிறது என்று அர்த்தம், அதை ஈடுகட்ட தினம் அரை கிராம் சோடா. ஒன்றுமே குறையவில்லை என்றால் வாராந்திரத் தண்ணீர் மாற்றமே போதும். மென்பவளம் அதிகமுள்ள பல சிறிய தொட்டிகள் அப்படியே ஓடும்.

நைட்ரேட்டில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் போட்டுப் பார்த்தால் மனம் லேசாகும். வாரம் பத்து சதவீதம் மாற்றியும் 40-லேயே நிற்கிறது என்றால், ஒவ்வொரு மாற்றத்திலும் 4 போகிறது, அடுத்த வாரத்துக்குள் அதே 4 திரும்ப வருகிறது. அந்த 4 பெரும்பாலும் நீங்கள் போடும் தீவனம்தான். மாற்றும் அளவை இருபது சதவீதமாக்கினால் எண் மெல்ல இறங்கி 20-ல் நிற்கும். தீவனத்தையும் பாதியாக்கினால் 10-ல் நிற்கும். மருந்தோ பாக்டீரியா பாட்டிலோ தேவையில்லை. இரண்டு சின்ன மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே அவற்றுக்கு ஏராளம். உறைந்த தீவனமென்றால் வலையில் போட்டு நன்னீரில் அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். ஃபில்டர் பஞ்சையும் வாரத்துக்கு இருமுறையாவது மாற்றுங்கள். அதில் சிக்கும் அழுக்கு அங்கேயே மக்கினால் நைட்ரேட்டாகத்தான் திரும்பி வரும்.

இறங்குவது மெதுவாகவே இருக்கட்டும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் 0-வாக்கிக் காட்டுவது நல்ல தொட்டிக்கு அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. பவளத்துக்குள் வாழும் பாசிக்கும் இரண்டும் வேண்டும். இல்லாவிட்டால் பவளம் வெளிறும். அப்புறம், குமிழி கோத்த பழுப்புக் கோழை மணல்மேல் படரும், அதுதான் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்). பச்சைப் பாசியைவிட அதை ஒழிப்பது பல மடங்கு கடினம். நைட்ரேட் 5-க்கும் 10-க்கும் இடையில், பாஸ்பேட் 0.03-லிருந்து 0.1-க்குள் இருந்தால் நிம்மதியாக இருங்கள். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையை, அவசியமென்றால், பாக்கெட்டில் சொன்ன அளவில் கால்பங்கில் தொடங்குங்கள்.

பி.எச். 7.9 பற்றிப் பதற வேண்டாம். விளக்கு அணைந்ததும் ஒளிச்சேர்க்கை நிற்கும், கார்பன் டை ஆக்சைடு சேரும், விடிகாலையில் எண் தாழ்ந்திருக்கும், மாலையில் உயரும். அடைத்த அறையில் ஆட்கள் அதிகம் இருந்தாலும் தாழும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு சில மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். பி.எச். ஏற்றும் பொடிகளை ஊற்றினால் ஆல்கலினிட்டிதான் தாறுமாறாக ஏறும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுவது பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தண்ணீர் மாற்றும் நாளில், புதிய நீரில் உப்பும் சூடும் தொட்டியோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். கலக்கும்போது தண்ணீரில் உப்பைப் போட வேண்டும், உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் ஒரு பகுதி கரையாமல் படிந்துவிடும்.

இவ்வளவும் ஒழுங்காக இருக்கும்போதே திடீரென்று எல்லாப் பவளமும் ஒன்றாக மூடிக்கொண்டால், எதையும் சேர்க்காதீர்கள். முதலில் உப்பையும் வெப்பத்தையும் பாருங்கள், அடுத்து அம்மோனியாவை. அம்மோனியா தெரிந்தால் கல்லின் பின்னால் செத்த நத்தை கிடக்கிறதா என்று தேடுங்கள். இத்தனை சிறிய தண்ணீருக்கு ஒரு நத்தையே போதும். அதை எடுத்துவிட்டு, கால்வாசித் தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் புதிய கார்பன் (நச்சை உறிஞ்சும் கரி) போடுங்கள்.

ஆல்கலினிட்டியில் அந்த மூன்று நாள் இடைவெளியின் இரண்டு அளவுகளையும் இங்கே எழுதுங்கள். உங்கள் தொட்டிக்குத் தினமும் எவ்வளவு சோடா வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.