1964 தனுஷ்கோடிக்குப் போகும் காலப்பயணக் காதல் கதை: ஓட்டை விழாமல் எழுதுவது எப்படி?

கேள்வி: 2024இல் இருக்கும் பதினாறு வயதுப் பெண் 1964 தனுஷ்கோடிக்குப் போய், அங்கே பதினேழு வயதுப் பையனைக் காதலிக்கிறாள். இளையோருக்கான நாவல். பாதியில் நிற்கிறது. எந்த விதி வைத்தாலும் எங்காவது ஓட்டை விழுகிறது. என்ன செய்யலாம்?

எதில் ஏறிப் போகிறாள் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மோதிரமோ பழைய ரயில் சீட்டோ, எதுவானாலும் அது இரண்டு பத்தி விஷயம்தான். அவளால் எப்போது போக முடியாது, போனால் எதை மாற்ற முடியாது என்பதை முதலில் எழுதி வையுங்கள். அந்தத் தடையேதான் காதலுக்கும் தடையாக இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறாக இருந்தால், நடுவில் கதையை நகர்த்த ஒரு கொடுமைக்கார அத்தையைக் கூட்டி வரவேண்டியிருக்கும்.

தெரிந்து எடுத்தீர்களோ தெரியாமலோ, ஆண்டுகள் இரண்டும் அருமையாக அமைந்திருக்கின்றன. 1964 சித்திரையில் பிறந்ததும் குரோதி ஆண்டு, 2024 சித்திரையில் பிறந்ததும் குரோதி. அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஒரே பெயர். ஆக விதி கையிலேயே இருக்கிறது: குரோதிக்கும் குரோதிக்கும் இடையேதான் வழி திறக்கும், பங்குனி கடைசி நாளோடு மூடிக்கொள்ளும். அடுத்த குரோதி 2084இல். அப்போது அவளுக்கு எழுபத்தாறு வயது. தனியாக ஒரு வில்லன் தேவையே இல்லை, பஞ்சாங்கமே போதும்.

இங்கே ஒரு நாள் என்றால் அங்கே பத்து நாள் என்று போகாதீர்கள். அவன் வயது ஏறிக்கொண்டே போகும், நாலாவது சந்திப்பில் கணக்கு உதைக்கும். ஒன்றுக்கு ஒன்று வையுங்கள்: இங்கே டிசம்பர் 22 என்றால் அங்கேயும் டிசம்பர் 22, அங்கே ஆறு மணி நேரம் இருந்தால் இங்கே ஆறு மணி நேரம் ஆளைக் காணோம். ஆனால் கிழமை ஒத்துவராது. 22.12.1964 செவ்வாய், 22.12.2024 ஞாயிறு. நிலவும் ஒத்துவராது: 1964இல் பௌர்ணமி டிசம்பர் 19, 2024இல் டிசம்பர் 15. இரண்டு ஆண்டுக்கும் தேதி, கிழமை, திதி, இருவர் வயது, அன்று யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு அட்டவணை போடாமல் ஒரு அத்தியாயமும் எழுதாதீர்கள். 'யாருக்கு என்ன தெரியும்' என்ற கட்டத்தில்தான் பெரும்பாலான கையெழுத்துப் படிகள் சொதப்புகின்றன.

நேரம் ஒன்றுக்கு ஒன்று என்றானபின் அவளைச் சென்னையில் குடிவைக்க முடியாது. ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ வையுங்கள். பிளஸ் ஒன் படிப்பவளுக்கு டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, அதனால் சனி ஞாயிறுதான் கிடைக்கும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2024 முழுக்க ராமேஸ்வரத்துக்கு ரயில் கிடையாது. அவள் பஸ்ஸில்தான் கடலைத் தாண்ட வேண்டும். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததே 2017இல்தான். மாலைக்கு மேல் அங்கே யாரையும் இருக்க விடமாட்டார்கள். இரவில் வழி திறக்கிறது என்று வைத்தால் அவள் எங்கே ஒளிந்திருந்தாள் என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். பகலில் திறக்க விடுவதே மேல். இந்தப் பக்கம் இடிந்த சர்ச்சுச் சுவரும் மணலும், அந்தப் பக்கம் ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், தலைமன்னாருக்குக் கப்பல்.

இனி பெரிய ஓட்டை. முதல் முறை திரும்பி வந்ததுமே அவள் செல்போனில் தனுஷ்கோடி என்று தேடுவாள். வாசகர் அவளுக்கு முன்பே தேடியிருப்பார். 22ஆம் தேதி நள்ளிரவுப் புயல், 11.55க்குப் பாம்பனை விட்டுக் கிளம்பி அலையில் போன 653ஆம் எண் பாசஞ்சர், பதிவில் உள்ள 110 பயணிகள், 5 ஊழியர்கள் என எல்லாம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆகவே புயலைத் திடீர்த் திருப்பமாக வைக்கவே முடியாது. மூன்றாம் அத்தியாயத்துக்குள் அவளுக்குத் தெரிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் அவள் ஒரே ஒரு பையனை மட்டும் இழுத்துக்கொண்டு ஓடினால், இது காதலா சுயநலமா என்று பதினைந்து வயது வாசகியே கேட்பாள். நடந்தது மாறாது என்ற விதிதான் இங்கே செல்லும். அவள் தந்தி கொடுக்கட்டும், ஸ்டேஷன் மாஸ்டரிடம் கெஞ்சட்டும், யாரும் நம்பாமல் போகட்டும். முயன்று தோற்றவளை வாசகர் மன்னிப்பார்கள், முயலாதவளை மன்னிக்க மாட்டார்கள். அந்த ரயிலில் இருந்தவர்களுக்குப் பெயரும் முகமும் கற்பித்து எழுதாதீர்கள். அவர்கள் வீட்டார் இன்றும் இருக்கிறார்கள்.

புயலை உச்சக்கட்டமாகவும் வைக்க வேண்டாம். நாற்பத்தைந்தாயிரம் சொல் நாவலில் முப்பதாயிரத்தை ஒட்டி அது வந்துபோகட்டும். வழி மூட இன்னும் நாலு மாதம் இருக்கிறதே! இருந்த ஊர் இல்லை, அவள் போய் இறங்கும் இடத்தில் வெறும் மணல், அவன் எந்த முகாமில் இருக்கிறான் என்று தெரியாது. கதையின் நல்ல பகுதியே இதுதான். தேடவும் ஒரு கைப்பிடி உண்டு: சேதமான பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள், ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பெயர் வெளியே தெரிந்த வேலை. பையன் அங்கே கூலிக்குப் போயிருக்கலாம்.

அடுத்தது, எல்லாரும் மறக்கும் விஷயம். அறுபது வருஷம் ரொம்பக் குறைவு. 1964இல் பதினேழு என்றால் 2024இல் அவனுக்கு எழுபத்தேழு. எங்கே அவர்? இறந்துவிட்டார் என்றால் எப்போது, எப்படி? உயிரோடு இருக்கிறார் என்றால், இவள் பிறந்த நாள் முதல் அவருக்கு எல்லாம் தெரியும். அவர் அவளிடம் காதல் சாயலில் ஒரு வார்த்தை பேசினாலும் கதை கெட்டது. கதை முடியும்வரை விலகியே இருந்த மனிதராக வையுங்கள். உறவுமுறையையும் இப்போதே வரைந்து பாருங்கள். அவள் பாட்டி தனுஷ்கோடிக்காரி என்றால், அவன் பாட்டிக்கு அண்ணன் முறையா, முறைப்பையனா? தமிழ் வாசகர் இதை விரல் விட்டு எண்ணிவிடுவார்.

1964இன் சின்ன விஷயங்களில் சறுக்குவது சுலபம். மாநிலத்தின் அதிகாரபூர்வப் பெயர் அன்று மதராஸ் ராஜ்யம்தான், தமிழ்நாடு அல்ல. பெயர் மாறியது 1969இல். அக்கரை இலங்கையை அரசு ஏடுகளில் சிலோன் என்றே எழுதினார்கள். நயா பைசாவில் 'நயா' அந்த ஜூன் மாதம்தான் போனது. வாயில் மட்டும் நாலணா, எட்டணா. அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது, இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று. கப்பலடியில் பேச்சு முழுக்க அதுவாகத்தான் இருந்திருக்கும். பையனின் அப்பாவைக் கப்பலில் வேலை செய்பவராக வைத்தால் இது தானாகவே கதைக்குள் வந்துவிடும்.

பெண்ணின் திருமண வயது அன்று சட்டப்படியே பதினைந்து. அதனால் 'இன்னுமா கட்டிக்கொடுக்கவில்லை?' என்றுதான் அவன் அம்மா முதலில் கேட்பாள். அவள் போட்டிருக்கும் ஜீன்ஸைவிட அவனை 'டா' போட்டு அழைப்பதுதான் அங்கே அதிர்ச்சி தரும். அவன் அவளை 'நீங்க' என்பான், ஏழெட்டு அத்தியாயம் வரைக்கும். 'நீங்க' 'நீ' ஆகும் இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள், முத்தக் காட்சி செய்யும் வேலையை அது செய்துவிடும். இருவருமே பதினெட்டு நிறையாதவர்கள் என்பதால் கைபிடித்தலோடு நிறுத்திக்கொள்வதே சரி.

முடிவுக்கு ஒரு தேதி சொல்கிறேன். புதிய பாம்பன் பாலம் திறந்தது 6.4.2025. குரோதி முடிவது ஏப்ரல் 13. அறுபது வருஷம் முன்னால் அந்தப் பக்கமும் பாலம் சரியாகி ரயில் ஓடத் தொடங்கியாயிற்று. கடைசி ஒரு வாரம் மட்டும், இருவருமே ரயிலேறி ராமேஸ்வரம் பிளாட்பாரத்துக்கு வர முடியும்.