மானிட்டரில் ‘நோ சிக்னல்’ வந்தால் மதர்போர்டு போய்விட்டது என்று அர்த்தமா?

லேப்டாப்போடு எச்.டி.எம்.ஐ. கேபிளில் மானிட்டரை மாட்டினால் ‘நோ சிக்னல்’ என்றே வருகிறது, விண்டோஸை மறுபடி போட்டும் பயனில்லை, கடையில் மதர்போர்டு (லேப்டாப்பின் முக்கிய சர்க்யூட் பலகை) போய்விட்டது என்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாண்டியில் கடற்கரைப் பக்கம் வீடு என்றும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். இதே பேச்சை நானும் கேட்டு வந்தவள்.

எனக்குக் கடலூர் தேவனாம்பட்டினம். வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். ஒரு திரையில் பில்கள், இன்னொன்றில் எக்செல் என்று வைத்துக்கொண்டால்தான் ஜி.எஸ்.டி. வேலை ஓடும். மாதாமாதம் 20-ஆம் தேதி தாக்கலுக்குக் கடைசி நாள். போன மழைக்காலத்தில் சரியாக 18-ஆம் தேதி காலை மானிட்டர் வரவில்லை. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘டிடெக்ட்’ பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் வேறு திரை எதுவும் இல்லை என்றே சொன்னது. லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். “அக்கா, போர்டுல ஐ.சி. போயிருக்கு. வச்சிட்டுப் போங்க, பதினாலாயிரம் ஆகும்” என்றார்கள். என் கேபிளைத் தவிர வேறு எதையும் மாட்டிப் பார்க்கவில்லை.

மனசு கேட்கவில்லை. திரும்பி வந்ததும் எதிர்வீட்டு அத்தையிடம் கேட்டேன். சீரியலை நிறுத்திவிட்டு செட்டாப் பாக்ஸ் கேபிளைக் கழற்றிக் கொடுத்தார். அதை என் லேப்டாப்பில் செருகியதும் அவர் டிவியில் என் திரை பளிச்சென்று வந்தது. அதே டிவியில் என் கேபிளை மாட்டினால் ஒன்றும் இல்லை. மொபைல் டார்ச்சை அடித்துக் கேபிளின் வாய்க்குள் பார்த்தேன். வரிசையாக இருக்கும் பின்களில் ஓரத்து மூன்று நான்கின் மேல் மட்டும் பாசி படிந்ததுபோல் பச்சை. உப்புக்காற்று எங்கள் கிரில் கதவையும் சைக்கிள் செயினையும் தின்பது தெரியும். கேபிளுக்குள்ளும் போகும் என்று யோசித்ததில்லை. மலிவான கேபிளில் பின்களின் மேல்பூச்சு மெல்லிசாக இருக்கும், சீக்கிரம் விட்டுவிடும்.

மூன்று நான்கு பின் கெட்டால் படம் மங்கலாகவாவது வரவேண்டாமா என்று தோன்றும். வராது. எச்.டி.எம்.ஐ.யில் 19 பின்கள். லேப்டாப் 18-ஆவது பின்னில் 5 வோல்ட் அனுப்பும். மானிட்டர் 19-ஆவது பின் வழியாக ‘நான் இருக்கிறேன்’ என்று பதில் கொடுக்கும். பிறகு 15, 16 பின்கள் வழியாக லேப்டாப் அதன் அடையாளச் சீட்டைப் படிக்கும். என்ன மாடல், எந்த அளவுப் படம் தாங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இ.டி.ஐ.டி. என்பார்கள். அடிப்படைத் தகவல் வெறும் 128 பைட்தான். இந்தப் பேச்சுவார்த்தை முறிந்தால், படம் கொண்டுபோகும் கம்பிகள் எல்லாம் நன்றாக இருந்தாலும் லேப்டாப்பைப் பொறுத்தவரை அங்கே மானிட்டரே கிடையாது. எனக்கு நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் நீங்களும் முதலில் வேறு கேபிள், வேறு டிவி என்று மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அப்போதுதான் குற்றவாளி எது என்று தெரியும். அதற்கு முன் மானிட்டர் பட்டனில் இன்புட் எச்.டி.எம்.ஐ.யில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லேப்டாப், மானிட்டர் இரண்டையும் அணைத்து, மானிட்டரின் பவர் வயரைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்துப் போடுவதும் சில சமயம் கைகொடுக்கும்.

டிவியில் படம் வந்துவிட்டால் போர்டு பேச்சே வேண்டாம். எந்தக் கேபிளிலும், எந்தத் திரையிலும் வரவில்லை என்றால் அடுத்து சாஃப்ட்வேர். நீங்கள் விண்டோஸைப் புதிதாகப் போட்டதாகச் சொன்னதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறந்து பாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது படம் காட்டும் பகுதியை இயக்கும் சாஃப்ட்வேர், ஏறவே இல்லை. அந்த நிலையில் இரண்டாவது திரையை எதிர்பார்க்க முடியாது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை எடுத்துப் போடுங்கள். டிரைவர் சரியாக இருந்தால் விண்டோஸ் கீயோடு பி அழுத்தி ‘எக்ஸ்டென்ட்’ தேர்ந்தெடுங்கள். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் திரை ஒரு கணம் இருண்டு கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். முதலாவது பி ஆங்கில எழுத்து வரிசையில் பதினாறாவது, இந்த பி இரண்டாவது.

யு.எஸ்.பி.-சி போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) கன்வெர்ட்டர் மாட்டிப் பார்க்கலாம் என்று கடையில் சொன்னால், உங்கள் மாடலின் அந்த போர்ட் படம் அனுப்புமா என்று முதலில் கேளுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பல லேப்டாப்களில் அது சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும்தான். என் சித்தி பையன் இது தெரியாமல் இரண்டு கன்வெர்ட்டர் வாங்கினான்.

லேப்டாப் போர்ட்டுக்குள்ளேயே பச்சை தெரிந்தால் ஊசி, பின் எதையும் விட்டுச் சுரண்டாதீர்கள். சுத்தமாக அணைத்துவிட்டு, மென்மையான பிரஷில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள். கேபிளில் பச்சை என்றால் அதைத் தூக்கிப் போடுங்கள். நான் பாண்டி போய் 450 ரூபாய்க்குப் புதிது வாங்கி வந்து, மறுநாளே தாக்கலை முடித்தேன்.

அத்தை வீட்டு டிவி மாதிரி ஒன்றில் இன்றைக்கே மாட்டிப் பாருங்கள். என்ன வந்தது என்று லேப்டாப் மாடலோடு எழுதினால் மேற்கொண்டு பார்க்கலாம்.